‘நீங்க சும்மா உட்காருங்க!’

மதுரையில் அரசுக் கண் மருத்துவர் ஒருவர் 1976இல் பணி ஓய்வு பெற்றார். வயது 58. முடக்குவாதம் இளமையிலேயே பிடித்துக்கொண்டதால் கைவிரல்கள் கோணி முறுக்கிக் கிடந்தன. மணம் செய்துகொள்ளவில்லை. பென்ஷன் உண்டு. பத்மஸ்ரீ விருது மூன்று வருடம் முன்பே, 1973இல் வந்துவிட்டது. ஊரில் நல்ல பெயர். ‘இதுவரை உழைத்தது போதும்’ என்று ஒருவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொள்ள இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை.

அவர் தம்பி, தங்கைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினார். 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டடம் எழும்பப் பணம் இல்லை. வீடு அடமானத்துக்குப் போனது. வீட்டுப் பெண்களின் நகைகள் அடகுக்குப் போயின. கோவிந்தப்ப வெங்கடசாமி என்ற அந்த ‘டாக்டர் வி.’ ஓய்வுக்குப் பிறகு தொடங்கிய அந்த 11 படுக்கைதான் இன்றைய அரவிந்த் கண் மருத்துவமனை.

எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரம் என்ற கிராமத்தில் 1918இல் பிறந்தவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று படித்தார். ராணுவத்தில் மருத்துவராக இருந்தபோது முடக்குவாதம் தாக்கியது. நீண்ட காலம் படுக்கை. எழுந்தபோது, பிரசவம் பார்க்க மணிக்கணக்கில் நிற்க உடம்பு இடங்கொடுக்கவில்லை. அதனால் கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிப்போன விரல்களுக்குள் அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தானே பழகிக்கொண்டார். அந்த விரல்களாலேயே வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பணம் உள்ளவர் கட்டணம் தர, இல்லாதவருக்கு இலவசம் என்பது கணக்கு. அமெரிக்காவிலிருந்து வந்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992இல் மதுரையிலேயே ‘ஆரோலேப்’ என்ற தயாரிப்புக்கூடம் தொடங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 74. இறந்தது 2006இல்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இந்த மருத்துவமனையின் கதை நிர்வாகப் பாடமாக இருக்கிறது. செலவைக் குறைப்பது எப்படி, கூட்டத்தைச் சமாளிப்பது எப்படி என்று அங்கே படிக்கிறார்கள். படிக்கட்டும். என் கண்ணில் படுவது வேறு. ஒரு தமிழ்க் குடும்பத்தில், 58 வயதில், விரல் மடங்காத ஒரு அண்ணன் “ஆஸ்பத்திரி கட்டப்போகிறேன்” என்று சொன்னபோது, “அதெல்லாம் எதுக்குண்ணே, நீங்க சும்மா உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்” என்று அந்த வீட்டில் யாரும் தடுத்து உட்காரவைக்கவில்லையே, அதுதான் பெரிய விஷயம்.

ஏனென்றால் மற்ற எல்லா வீட்டிலும் நாம் அதைத்தான் சொல்கிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம். அப்பா குடம் தூக்கப் போனால் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறோம். அம்மா காய் நறுக்க உட்கார்ந்தால் அரிவாள்மணையை நகர்த்தி வைக்கிறோம். பேங்க் வேலை செல்போனுக்குள் போய்விட்டது. கரண்ட் பில்லும் அப்படியே. கல்யாணப் பத்திரிகையில் பெயர் மட்டும் முதலில் இருக்கும். மண்டபம், சமையல்காரர், மொய் நோட்டு எதுவும் அவர்கள் கைக்கு வராது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. எல்லாம் சேரும்போது, காலையில் எழுந்து செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லாத ஒரு மனிதர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அப்புறம், “எப்பப் பார்த்தாலும் உடம்பு வலின்னே பேசறாரு” என்று அலுத்துக்கொள்வோம். பேசுவதற்கு வேறு எதை விட்டுவைத்தோம்?

அலுவலகங்களின் பிரிவுபசார விழாவைப் பாருங்கள். சால்வை, சந்தன மாலை, வெள்ளிக் குத்துவிளக்கு, பல இடங்களில் ஒரு சுவர்க்கடிகாரம். நேரத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் முடிந்துபோன நாளில் கடிகாரம் தருகிற சமூகம் நாம்! பேசுகிற அத்தனை பேரும், “சார் இனிமே நல்லா ரெஸ்ட் எடுக்கணும்” என்பார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 59 ஆனது, 2021இல் 60 ஆனது. அறுபதில் ஓய்வு பெறும் ஒருவருக்கு இன்றைய மருத்துவ வசதியில் இன்னும் இருபது வருடம் சாதாரணமாகக் கிடைக்கும். வேலைக்குப் போன காலத்தில் பாதிக்கு மேல். அவ்வளவு நீளத்துக்கு யாரால் ரெஸ்ட் எடுக்க முடியும்?

கூழ் வடகமும் கைப்பிடியும்

எனக்குத் தெரிந்த வீடு ஒன்று, திருச்சிப் பக்கம். அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபத்தைந்தைத் தாண்டிய வயது. பங்குனி பிறந்து வெயில் ஏறினால் அவருடைய மாதம் தொடங்கும். முதல் நாள் ஊறிய அரிசி, ஆட்டிய மாவு, விடியற்காலை இருட்டோடு பெரிய பாத்திரத்தில் கூழ். பச்சைமிளகாய், உப்பு அரைத்துவிட்டு, சீரகம், பெருங்காயம் போட்டுக் கிளறுவார். பதம் பார்க்க அவருக்குக் கரண்டி, கடிகாரம் எதுவும் வேண்டாம். கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழின் மேல் வைப்பார். ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். எலுமிச்சம்பழம் அதற்கப்புறம்தான். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து, நாலு முனைக்கும் கல் வைத்து, வெயில் சுடுவதற்குள் பிழிந்து முடிப்பார். காக்காய்க்காக ஒரு கறுப்புக் குடை. சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரிப்பார். அரைகுறையாகக் காய்ந்ததைப் பிள்ளைகள் திருடித் தின்பதும், அதற்கு அவர் திட்டுவதும் சடங்கில் சேர்த்தி.

ஒரு வருடம் பக்கத்து வீட்டுப் பெரியவர் படியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். இந்த வீட்டு மகன் பயந்துபோனார். “மாடிப்படி பக்கமே போகக்கூடாது, வடகம் கடையில பாக்கெட்ல கிடைக்குது” என்று சொல்லிவிட்டார். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அந்தக் கோடையில் அவருக்கு முழங்கால் வலி கூடியது, தூக்கம் கெட்டது, எதைக் கேட்டாலும் “எனக்கென்ன தெரியும், நீங்களே பார்த்துக்கோங்க” என்ற பதில். டாக்டர் ரத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

கண்டுபிடித்தவர் மருமகள். அடுத்த வருடம் கொத்தனாரை வரவழைத்து மாடிப்படியின் இரண்டு பக்கமும் கம்பிக் கைப்பிடி வைக்கச் சொன்னார். பாத்திரத்தைத் தூக்க காலேஜ் போகும் பேத்தி. மாடியில் நிழலில் ஒரு முக்காலி. “அத்தை, எனக்குப் பதம் வரமாட்டேங்குது, நீங்க வந்து கை வச்சுப் பாருங்க” என்றார். அந்த ஒரு வரிக்கு அத்தை படியேறி வந்தார், கைப்பிடியைப் பிடித்து, நிறுத்தி நிறுத்தி. முழங்கால் வலி போய்விட்டது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், போகவில்லை. அதைப் பற்றிப் பேசுவது குறைந்தது.

மகனின் பயமும் பொய்யில்லை. வயதானவர் விழுந்தால் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு இரண்டு மருந்து இருந்தன: கைப்பிடி வைப்பது ஒன்று, அம்மாவை உட்காரவைப்பது இன்னொன்று. நாம் பெரும்பாலும் செலவில்லாத மருந்தையே தேர்ந்தெடுக்கிறோம்.

யாருக்கு ஓய்வே இல்லை?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘முதுமையிலும் உழைப்பு அழகு’ என்று பத்திரிகைக்காரன் எழுதுவது எளிது. இரவு இரண்டு மணிக்கு ஏ.டி.எம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கழுத்து தொங்கத் தூங்கும் எழுபது வயது வாட்ச்மேனிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் தேடுவது வாழ்க்கையின் அர்த்தத்தை இல்லை, மாதச் சம்பளத்தை. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023இல் 1,200 ரூபாய் ஆனது. அதற்கும் தாலுகா ஆபீஸ் படியேறி அலைந்தவர்கள் உண்டு. நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடிக்கும் பாட்டிகளுக்கும், தலைச்சுமையாகக் கீரை விற்கும் அம்மாக்களுக்கும் ‘ரிட்டயர்மென்ட்’ என்ற ஒன்று வாழ்க்கையில் எழுதப்படவேயில்லை. அவர்களுக்கு முதலில் வேண்டியது உட்காரும் உரிமை.

வீட்டுக்குள்ளும் இதே கதை உண்டு. அறுபது வயதில் அப்பாவுக்கு ஓய்வு வரும்; அம்மாவுக்கு வராது. மகளுக்குப் பிரசவம் என்றால் ஆறு மாத விசாவில் அமெரிக்கா. அங்கே பனியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பேச்சுத்துணை இல்லாமல் நாளைத் தள்ளுகிறவர்களில் பலர் அதைச் சந்தோஷமாகவே செய்கிறார்கள். சிலர் சொல்லிக்கொள்ள முடியாமல் செய்கிறார்கள். பெரியவர்களுக்கு வேலை கொடுப்பது வேறு, பெரியவர்களிடம் வேலை வாங்குவது வேறு. “வர முடியுமாம்மா?” என்று கேட்பதா, “டிக்கெட் போட்டாச்சு” என்று சொல்வதா என்பதில் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 10.4 பேர். 2021க்கு மத்திய அரசின் மதிப்பீடு 13.6. 2031க்கு 18.2. கேரளத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் மூத்தவர்கள் அதிகமுள்ள பெரிய மாநிலம் நாம்தான். சத்தான சாப்பாடு, ஆரம்ப சுகாதார நிலையம், சிறிய குடும்பம் என்று நாம் செய்த நல்ல காரியங்களின் விளைவு இது. ஆனால் சில ஆங்கிலப் பத்திரிகைகள் இதைப் புயல் எச்சரிக்கை தொனியில் எழுதுகின்றன. ஆயுள் கூடியதற்கு ஒரு சமூகம் ஒப்பாரி வைப்பது விநோதம்.

85 வயதில் வாரத் தொடர்

வாரப் பத்திரிகையில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும், வாரா வாரம் பக்கத்தை நிரப்புவது என்ன பாடு என்று. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் ஒரு தொடர் ஆரம்பமானது. எழுதியவர் உ.வே. சாமிநாதையர். பிறந்தது 1855 பிப்ரவரி. அதாவது, 85ஐத் தொடும் வயதில் ஒருவர் வாரத் தொடருக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு முன்னால் அவர் செய்து முடித்த வேலை பத்துப் பேருக்குப் போதும். அவர் பதிப்பித்தவை: சீவக சிந்தாமணி 1887, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. குறுந்தொகைப் பதிப்பை வெளியிட்டபோது அவருக்கு வயது 82. ஏடு தேடி அலைந்து, எழுத்தைக் கூட்டிப் படித்துப் படித்துக் கண்ணே தேய்ந்திருக்கும்.

ஆனாலும் என் வாசிப்பில், சாமிநாதையரின் மிக இனிமையான உரைநடை அந்தப் பெரும் பதிப்புகளின் முன்னுரைகளில் இல்லை. எழுபதுக்குப் பின் எழுதிய நினைவுக் கட்டுரைகளிலும், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றிலும், விகடனில் வந்த ‘என் சரித்திர’த்திலும்தான் இருக்கிறது. இளம் வயதில் புலமையைக் காட்டியாக வேண்டிய கட்டாயம் இருந்தது. வயதான பின் அது தளர்ந்தது. தான் படித்த திண்ணை, நடந்த வழி, பசித்த வயிறு, சோறு போட்ட கை எல்லாம் எளிமையாக எழுத்தில் வந்தன. இரண்டாம் உலகப்போர்ப் பீதியில் சென்னை காலியானபோது திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். 1942 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். சரித்திரம் 122ஆம் அத்தியாயத்தோடு பாதியில் நின்றது. வாழ்க்கைக் கதையில் அவர் 1899ஐத்தான் எட்டியிருந்தார். முடிக்க முடியாத அளவுக்கு வேலை வைத்துக்கொண்டு போவதைவிட ஒரு மூத்தவருக்கு நல்ல யோகம் எனக்குத் தோன்றவில்லை.

எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முடிக்காத கரிசல் விவசாயி. அறுபதுகளின் நடுவில், மற்றவர்கள் வேலையிலிருந்து வீட்டுக்குப் போகும் வயதில், புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் போய்ச் சேர்ந்தார். நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தார். சாகித்ய அகாதெமி விருது வந்தது 1991இல். 2021இல் மறையும்வரை பேனாவைக் கீழே வைக்கவில்லை. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர். கீழ்வெண்மணியில் 1968இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பின் கணவரோடு கீழத்தஞ்சைக்குப் போனவர், 1981இல் ‘லாப்டி’ என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத பெண்கள் பெயரில் பட்டா வாங்கித்தர ஆரம்பித்தார். ஐம்பத்தைந்து வயதில் தொடங்கிய வேலை அது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது. ஸ்வீடனின் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருதைக் கணவரோடு சேர்ந்து பெற்றபோது அவருக்கு 82.

பேர்பெற்றவர்களைப் பட்டியல் போட்டுக்கொண்டே போகலாம். ஆனால் அது வாசகரை வீணாகக் குறுகவைக்கும். எல்லோரும் ஆஸ்பத்திரி கட்ட வேண்டாம், ஏடு பதிப்பிக்க வேண்டாம். இவர்கள் யாரும் அறுபதாவது பிறந்தநாளில் திடீரென்று புது மனிதராக எழுந்தவர்களும் இல்லை. டாக்டர் வி. அரசு வேலையில் இருந்தபோதே கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம் நடத்தியவர். கிருஷ்ணம்மாள் பூதான இயக்கத்தில் நடந்து தேய்ந்த கால்களோடு நாகைக்கு வந்தவர். நாற்பதிலும் ஐம்பதிலும் ஓரமாகச் செய்துகொண்டிருந்தது, அறுபதுக்குப் பிறகு நடுவுக்கு வந்தது. அவ்வளவுதான் சூட்சுமம்.

ஹராரே நகரத்து பெஞ்சு

சாதாரணப் பாட்டிகள் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். ஜிம்பாப்வேயில் நாடு முழுவதற்குமே மனநல மருத்துவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவருடைய நோயாளியான ஓர் இளம்பெண், மருத்துவமனைக்கு வர பஸ்ஸுக்குக் காசில்லாமல், வராமலேயே தற்கொலை செய்துகொண்டார். ‘இனி நாம்தான் அவர்களிடம் போக வேண்டும்’ என்று முடிவு செய்த சிபாண்டா, 2006இல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே என்ற ஏழ்மையான பகுதியில் ஒரு திட்டம் தொடங்கினார். அவருக்கு டாக்டர், நர்ஸ், அறை எதையும் தர அரசால் முடியவில்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிமார்கள். இடம், கிளினிக் வாசலில் மரத்தடியில் போட்ட ஒரு மரப்பெஞ்சு.

பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். மனம் குழம்பி வருகிறவரைப் பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்து, பேசவிட்டு, இருக்கிற பிரச்சினைகளில் ஒன்றை எடுத்து அதற்கு வழி தேட உதவ வேண்டும். 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவு வெளியானது. 24 கிளினிக்குகள், 573 பேர். ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறி மிச்சமிருந்தது. பாட்டிகளின் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குத்தான் இருந்தது. அந்தப் பெஞ்சு இப்போது வேறு நாடுகளுக்கும் போயிருக்கிறது.

நம் ஊரில் அதற்குப் பெஞ்சுகூடச் செய்ய வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. கார் நிறுத்த இடம் வேண்டி அதை இடித்தோம், கிரில் கேட் போட்டோம். கல்லூரிப் பிள்ளைகளின் தற்கொலைச் செய்தி வராத வாரம் இல்லை. காது கொடுத்துக் கேட்க நேரமுள்ளவர்கள் கேட்டுக்கு உள்ளே டி.வி. முன்னால் இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களும் கல்லூரி விடுதிகளும் இதை யோசிக்கலாம். பயிற்சி இல்லாமல் அறிவுரை சொல்லக் கிளம்பினால் வினை. ஹராரேயிலும் பயிற்சிக்குப் பிறகுதான் பெஞ்சு.

அழகு என்ற விஷயம்

முதுமையின் அழகு என்றாலே விளம்பரத்தில் வெள்ளை முடியோடு, முழுப் பல்வரிசையோடு சிரிக்கும் தாத்தா, பாட்டியைக் காட்டுகிறார்கள். அது இளமையின் அழகுதான், தலைமுடிக்கு மட்டும் பெயின்ட் அடித்தது. நம் சோழர் காலத்துச் சிற்பிகள் அவ்வளவு கூச்சப்படவில்லை. சிவகாமியை அத்தனை நளினமாக வார்த்த அதே பரம்பரைதான் காரைக்கால் அம்மையாரையும் வெண்கலத்தில் வார்த்தது. துருத்திய விலா எலும்பு, வற்றிய மார்பு, கையில் தாளம். பக்கத்தில் போய்ப் பாருங்கள், முகம் பாட்டில் தோய்ந்து மலர்ந்திருக்கிறது. அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க அம்மையார் உட்கார்ந்திருப்பார்.

ஔவையார் கதையும் அப்படித்தான். கல்யாணப் பேச்சு எடுத்தபோது பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது செவிவழிச் செய்தி. எதற்காக? ஊர் ஊராகத் தனியே நடக்க, அரசன் முன்னால் நினைத்ததைப் பேச. ஒரு பெண்ணுக்கு அந்தச் சுதந்திரம் முதுமையில்தான் கிடைக்கும் என்று கதை கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கும் ஆன்மிகச் சுற்றுலா பஸ்களின் பின் சீட்டில் போய்ப் பாருங்கள். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் ஆக்கிப்போட்டு முடித்த அறுபத்தைந்து வயதுப் பெண்கள், முறுக்குப் பொட்டலமும் பழைய சினிமாப் பாட்டுமாக, காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்கள் சிரிக்கும் சத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மாவை ‘தூள்’ படத்தில் ஊரே பார்த்தது 2003இல், அவருக்கு வயதான பிறகுதான். அந்தத் தொண்டையின் கரகரப்பை இருபது வயதுப் பெண்ணிடம் யாரும் கேட்டிருக்க முடியாது.

திருக்கடையூருக்குப் போனால் இந்த அழகைக் கூட்டமாகவே பார்க்கலாம். அமிர்தகடேஸ்வரர் கோயில் பிராகாரத்தில் தினமும் கல்யாணம். அறுபதுக்கு மணிவிழா, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். கலச நீரில் தலையோடு நனைந்து, குளிரில் பல் கிட்டிக்க உட்கார்ந்திருப்பார்கள் தம்பதியர். தாலி முடிச்சுப் போடும்போது மாப்பிள்ளைக்குக் கை நடுங்கும், கண்ணாடி நழுவும். “தாத்தா, சீக்கிரம்!” என்று பேரன் கத்துவான். நாற்பது வருடம் முன்பு தலைகுனிந்து தாலி வாங்கிய பெண், இந்த முறை நிமிர்ந்து உட்கார்ந்து, “மெதுவாக் கட்டுங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்” என்பார். அப்பா அம்மாவின் கல்யாணத்தைப் பிள்ளைகள் நடத்திவைக்கிற இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் பிடிக்கும். மறுநாள் அதே அப்பா அம்மாவை நாற்காலியில் நிரந்தரமாக உட்காரவைத்துவிடுகிறோமே, அதுதான் பிடிப்பதில்லை.

உடம்பையும் பேசிவிடுவோம்

மனசு இளமையாக இருந்தால் போதும் என்பது பாதி உண்மை. காது கேட்காதவர் கூட்டத்தில் ஒதுங்கிவிடுவார். கண்புரை வந்தவர் வாசலைத் தாண்டப் பயப்படுவார். நாம் அதை ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ‘லான்செட்’ மருத்துவ இதழின் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது. அது சொல்லும் 14 காரணங்களில் கேட்கும் திறன் குறைவது, சிகிச்சை பெறாத பார்வைக் குறை, ஆள் பழக்கம் இல்லாத தனிமை ஆகியவையும் உண்டு. கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கப்படாத நாம் காது மிஷினுக்கு மட்டும் ஏன் வெட்கப்படுகிறோமோ தெரியவில்லை.

தசை விஷயமும் அப்படி. 1990இல் பாஸ்டன் நகரத்து முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில்! நம் வீட்டில் எழுபது வயதுக்காரர் கையிலிருந்து காய்கறிப் பையைப் பிடுங்கும்போது, பிடுங்குவது அவருடைய பயிற்சியையும்தான். கோவை கணபதியில் இருந்த நானம்மாள் பாட்டி தொண்ணூறுகளிலும் யோகாசனம் கற்றுக்கொடுத்தவர். தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் தோட்டத்துக்குப் போனவர். நானம்மாளுக்கு 2018இலும் பாப்பம்மாளுக்கு 2021இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. இருவரையும் ‘அதிசயம்’ என்று எழுதிக் கைதட்டினோம். இருவரையும் யாரும் உட்காரச் சொல்லவில்லை என்பதை எழுத மறந்துவிட்டோம்.

ஆகவே, இந்த வாரம் இதைப் படித்து முடித்ததும் வீட்டில் இரண்டு வேலை செய்யுங்கள். பெரியவர்களைக் காதுக்கும் கண்ணுக்கும் பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள். மாடிப்படி, குளியலறை இரண்டிலும் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த, உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றைக் கேளுங்கள்: உறவுமுறைக் கணக்கு, நிலத்தின் பழைய சர்வே விவரம், ஊறுகாய்ப் பதம், எதுவானாலும் சரி. கேட்டதைச் செய்ய அவர்களுக்கு நேரம் கொடுங்கள். நடுவில் புகுந்து பிடுங்காதீர்கள். வீட்டில் கவனிப்பார் இல்லாமல் தவிக்கும் மூத்தவர் யாரையாவது தெரிந்தால், முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567.

நாற்பத்தைந்து, ஐம்பது வயது வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2031க்கான அந்த 18.2 சதவீதம் என்ற கணக்கில் இல்லாவிட்டாலும், அதற்கு அடுத்த கணக்கில் வரப்போவது நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். தச்சு, தோட்டம், பாட்டு, பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு என்று ஏதாவது ஒன்றை இப்போதே தொடங்கிவிடுங்கள். அறுபதில் தொடங்கலாம் என்று ஒத்திப்போட்டவர்களை நாம் நிறையப் பார்த்தாகிவிட்டது.